உடம்புக்குச் சர்க்கரை தேவையா?

நம் ஊரில் எதற்கும் இல்லாத ஒரு மரியாதை சர்க்கரைக்கு உண்டு. புகையிலை கெடுதல் என்றால் யாரும் மறுப்பதில்லை. சாராயம் கெடுதல் என்றால், கையில் கிளாஸ் வைத்திருப்பவரே "ஆமாம் சார்" என்று தலையாட்டுவார். பாண்டியில் அதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே நாலு பேர் அதற்கு வக்கீலாகிவிடுவார்கள். "அளவா சாப்பிடலாம் சார், ஆனா சுத்தமா நிறுத்தக்கூடாது. உடம்புக்குச் சர்க்கரை தேவை. மூளையே அதுலதான் ஓடுது!"

இதைக் கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது கேட்கிறேன். கல்யாணப் பந்தியில் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறையாவது வந்து விழுகிறது. சொல்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை டாக்டராக்கியவர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தியவன். பத்தாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல மட்டும் தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டு டப்பாவில் இருக்கும் சர்க்கரை மனித உடம்புக்கு ஒரு கரண்டிகூடத் தேவையில்லை. ருசிக்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். தேவை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதில் இவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த ஊரின் கணக்கைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2023 ஜூனில் லான்செட் குழும இதழில் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் இந்தியா முழுமைக்கும் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. நம் புதுச்சேரியில் 26.3! கோவா 26.4 என்று ஒரு மயிரிழையில் முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. நாம் இரண்டாம் இடம். நாலு பேர் உட்கார்ந்து பேசினால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிற ஊரில், "உடம்புக்குச் சர்க்கரை தேவை" என்பது பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. ஆளைக் கொல்கிற பேச்சு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை தின்றதால் மட்டுமே சர்க்கரை நோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. பரம்பரை உண்டு, தொப்பை உண்டு, உட்கார்ந்தே இருப்பது உண்டு, தட்டு நிறையச் சோறு உண்டு. இத்தனையும் சேர்ந்து வருவதுதான் அந்த நோய். ஆனால் இத்தனையில் எந்த நஷ்டமும் இல்லாமல் நாளைக் காலையிலேயே நிறுத்தக்கூடியது ஒன்றுதான். அதைத்தான் "தேவை" என்று சொல்லிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

குழப்பம் எங்கே ஆரம்பிக்கிறது? ஒரே சொல்லில் ஆரம்பிக்கிறது. டப்பாவில் இருப்பதும் சர்க்கரை, இரத்தத்தில் இருப்பதும் சர்க்கரை, நோயும் சர்க்கரை. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம். இரத்தத்தில் ஓடுவது குளுக்கோஸ். அது உடம்புக்குத் தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. டப்பாவில் இருப்பது சுக்ரோஸ். அது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். மூளை கேட்பது முதல் பாதியை. இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். அளவு மீறினால் அதைக் கொழுப்பாக்கி அங்கேயே சேர்த்து வைக்கும். குடிக்காதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறதே, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

சரி, இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது? உங்கள் லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் வெறும் வயிற்றில் 90 என்று இருக்கும். 100 மில்லி இரத்தத்தில் 90 மில்லிகிராம் என்று அர்த்தம். உடம்பில் மொத்தம் சுமார் 5 லிட்டர் இரத்தம். பெருக்கிப் பாருங்கள், நாலரை கிராம் வரும். அதாவது ஒரு டீஸ்பூன். தலை முதல் கால் வரை ஓடும் இரத்தம் முழுவதிலும் ஒரே ஒரு டீஸ்பூன். அந்த அளவைக் கூட்டாமல் குறைக்காமல் காப்பாற்றத்தான் கணையமும் கல்லீரலும் இராப்பகலாக உழைக்கின்றன. நாம் ஒரு டம்ளர் காபியில் இரண்டு டீஸ்பூனைக் கொட்டிவிட்டு "உடம்புக்குத் தேவை" என்கிறோம்.

"அப்படியானால் மூளை எதில் ஓடும்?" என்பது அடுத்த கேள்வி. மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொள்வது உண்மை. உடம்பின் எடையில் இரண்டு சதவீதம் இருந்துகொண்டு, சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிற உறுப்பு அது. ஆனால் அந்த 120 கிராம் எங்கிருந்து வருகிறது? ஒரு கப் சோற்றில் 45 கிராம் மாவுச்சத்து. அது வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸ்தான். இட்லி, தோசை, பருப்பு, சுண்டல், வாழைப்பழம் எல்லாவற்றிலும் இருக்கிறது. தென்னிந்தியன் ஒருவனுக்குக் குளுக்கோஸ் போதாமல் மூளை நின்றுவிடும் என்று பயப்படுவது, கடலூர்க்காரன் கடலில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று பயப்படுவது போல.

சோறே இல்லாவிட்டாலும் உடம்பு சும்மா இருக்காது. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதைப் பாண்டிச்சேரிக்காரர்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். அவர் பெயர் குளோத் பெர்னார். சர்க்கரையைச் செடிகொடிகள்தான் உண்டாக்கும், பிராணிகள் அதைச் சாப்பிட்டுச் செலவழிக்கத்தான் செய்யும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். 1848இல் அவர் நாய்க்கு இறைச்சி மட்டும் கொடுத்து வளர்த்து, கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரையே தின்னாத நாயின் இரத்தத்தில் சர்க்கரை இருந்தது! கல்லீரலே அதைச் செய்கிறது என்று நிரூபித்தார். 1857இல் அது சேமித்து வைக்கப்படும் வடிவத்தையும் பிரித்தெடுத்தார். அதைத்தான் கிளைக்கோஜன் என்று நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் கையிருப்பு. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை வரை தூங்குகிறோமே, அப்போது மூளைக்குப் படியளப்பது அந்தக் கையிருப்புதான். அது தீரத் தீர, புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது. நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரித்து மூளைக்கு அனுப்புகிறது. சஷ்டி விரதம் இருப்பவர்களும் ரம்ஜான் நோன்பு இருப்பவர்களும் மூளை நின்று விழுந்துவிடுவதில்லை. துருவப் பகுதி இனுயிட் மக்கள் மீனும் இறைச்சியும் கொழுப்பும் தின்றே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்கள் சர்க்கரைக் கடை பார்த்ததே ஐரோப்பியர் வந்த பிறகுதான்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். உடம்பால் தானே செய்துகொள்ள முடியாததை, சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டியதைத்தான் அத்தியாவசியச் சத்து என்கிறோம். அதற்குப் பட்டியல் இருக்கிறது. ஒன்பது அமினோ அமிலங்கள், இரண்டு கொழுப்பு அமிலங்கள், 13 வைட்டமின்கள், பிறகு இரும்பு, கால்சியம், அயோடின் என்று தாது உப்புகள். இதில் எது குறைந்தாலும் அதற்கென்று ஒரு நோய் உண்டு. வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈறில் இரத்தம் வரும், அயோடின் இல்லாவிட்டால் கழுத்துக் கழலை வரும். சர்க்கரை சாப்பிடாததால் வரும் நோய் என்று ஒன்றின் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம். முப்பத்திரண்டு வருடத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் மருத்துவப் பிரிவு 2005இல் வெளியிட்ட பெரிய நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. போதிய புரதமும் கொழுப்பும் கிடைத்தால், உயிர் வாழத் தேவையான மாவுச்சத்தின் குறைந்தபட்ச அளவு பூஜ்யம் என்றே தெரிகிறது என்கிறது. அதற்காகச் சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதே நூல் நாளொன்றுக்கு 130 கிராம் மாவுச்சத்து சாப்பிடும்படி பரிந்துரைக்கிறது. சோறு, பயறு, காய், பழம் என்று அது நமக்குத் தாராளமாகவே கிடைத்துவிடுகிறது. மாவுச்சத்துக்கே இதுதான் நிலைமை என்றால், அதன் மேல் தூவுகிற சர்க்கரைக்கு என்ன இடம்?

இங்கே ஒருவர் எழுந்து, "அப்ப சோறும் சர்க்கரைதானே சார், அதை விட்டுட்டு இதை மட்டும் ஏன் திட்டறீங்க?" என்பார். நியாயமான கேள்விதான். வெள்ளைச் சோற்றையும் நாம் அளவுக்கு மீறித்தான் சாப்பிடுகிறோம், அதையும் குறைக்க வேண்டும். ஆனால் சோற்றோடு சாம்பார் வருகிறது, கீரை வருகிறது, மீன் குழம்பு வருகிறது. வயிறு நிறைந்ததும் கை நிற்கிறது. சர்க்கரையோடு எதுவும் வருவதில்லை. புரதம் இல்லை, நார் இல்லை, வைட்டமின் இல்லை. குளிர்பானத்தில் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறைந்ததுகூடத் தெரியாது. 300 மில்லி 'கலர்' ஒன்றில் சுமார் 30 கிராம் சர்க்கரை, ஏழு டீஸ்பூன். அதைக் குடித்துவிட்டுத்தான் பிரியாணி சாப்பிட உட்காருகிறான் பேரன்.

அடுத்து வருவது வெல்லக் கட்சி. இது நம் வயதுக்காரர்களிடம் மிகவும் பலமான கட்சி. "வெள்ளைச் சர்க்கரைதான் விஷம் சார். நாங்க நாட்டுச்சர்க்கரைக்கு மாறிட்டோம்." பனங்கருப்பட்டி, தேன், வெல்லம் என்று வீட்டுக்கு வீடு ஒன்று. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தொடங்கி ஆர்கானிக் கடை வரைக்கும் இதற்குத்தான் இப்போது கிராக்கி. வெல்லத்தின் பெரும்பகுதி என்ன தெரியுமா? அதே சுக்ரோஸ். தேனில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். நிறமும் மணமும் வேறு, கொஞ்சம் தாது உப்பு கூடுதல், அவ்வளவுதான். குடலுக்கு நிறம் தெரியாது. இரும்புச்சத்துக்காக வெல்லம் சாப்பிடுகிறேன் என்பவர் முருங்கைக்கீரையைப் பொரியல் செய்து சாப்பிடட்டும். நாட்டுச்சர்க்கரையால் வந்த பெரிய கெடுதல், "இது நல்லது" என்று நினைத்துக்கொண்டு இரண்டு கரண்டி போட்ட இடத்தில் மூன்று கரண்டி போடுவதுதான். உலக சுகாதார நிறுவனம் சர்க்கரைக் கணக்கில் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தேதான் எண்ணுகிறது. முழுப் பழத்தை மட்டும் விட்டுவிடுகிறது.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2015இல் அந்த நிறுவனம் சொன்னது இது: சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குப் பத்து சதவீதம் என்பது 50 கிராம், ஐந்து சதவீதம் 25 கிராம். இது மேல் எல்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு சாப்பிட்டாக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கீழ் எல்லையே கிடையாது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் நமக்கு 2000 கலோரியே அதிகம். 1600 என்று வையுங்கள், ஐந்து சதவீதம் என்றால் 20 கிராம், ஐந்து டீஸ்பூன். காலை காபி, பதினோரு மணி டீ, நாலு மணி காபி, சாயங்காலம் நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ. வேளைக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் எட்டு. பிஸ்கட், ரஸ்க், பேரன் பிறந்தநாள் கேக் எதையும் நான் இன்னும் எண்ணவே இல்லை.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் வெல்லம் தின்னு திடகாத்திரமா இருந்தார்" என்ற வாதத்தை விட்டுவிட்டால் உங்களுக்குக் குறையாகப் போய்விடும். தாத்தா வில்லியனூரிலிருந்து பாண்டிக்கு நடந்தே வந்துபோனார். ஏர் பிடித்தார், ஏற்றம் இறைத்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திதிக்கும் இனிப்பு சாப்பிட்டார். நாம் செவ்வாய்க்கிழமைக்கும் சாப்பிடுகிறோம். கரும்பு நமக்குப் பழைய சொந்தம்தான். அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். சர்க்கரையைக் கட்டியாக்கும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்ததும் இந்தியாதான். சர்க்கரா என்ற வடசொல் அரபியில் சுக்கர் ஆகி, பிரெஞ்சில் சூக்ர் ஆனது. ஆனால் பல்லால் கடித்து ஒரு கரும்பைத் தின்று முடிப்பதும், அதே அளவு சர்க்கரையை ஒரு மடக்கில் குடிப்பதும் ஒன்றில்லை.

சர்க்கரை எப்படி மலிவானது என்ற கதையில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. 1848இல், குளோத் பெர்னார் நாயின் கல்லீரலைச் சோதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், பிரெஞ்சு அரசு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. உடனே கண் விழுந்தது புதுச்சேரி மேலும் காரைக்கால் மேலும்தான். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் ஒப்பந்தக் கூலிகளோடு குவாதலூப் தீவில் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த ஒரு தீவுக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். மர்தினிக்குக்கும் ரெயூனியனுக்கும் போனவர்கள் தனி. ரெயூனியனில் அவர்களை இன்றைக்கும் 'மலபார்' என்கிறார்கள். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

பஞ்சத்தில் அடிபட்ட நம் ஜனங்களைக் கப்பலேற்றி, அடுத்த கண்டத்தில் கரும்பு வெட்ட வைத்தது எந்தத் தேவைக்காக? ஐரோப்பாவில் காபியில் கரைக்க. மனித உடம்புக்குச் சர்க்கரை அவ்வளவு அவசியம் என்றால், அதற்கு முன்னால் பல்லாயிரம் ஆண்டு மனிதர்கள் அது இல்லாமல் எப்படி வாழ்ந்தார்கள்? தேவை ஆலைக்காரனுடையது, சாப்பிடுகிறவனுடையது இல்லை.

பிறகு அந்தத் தேவையை நம் தலையில் ஏற்ற விஞ்ஞானமும் விலைக்கு வாங்கப்பட்டது. இது வீண்பழி இல்லை, ஆவணம் இருக்கிறது. 1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து, மாரடைப்புக்குக் கொழுப்பே காரணம், சர்க்கரை மேல் தப்பில்லை என்கிற விதமாகக் கட்டுரை எழுத வைத்தது. அது 1967இல் பெரிய மருத்துவ இதழில் வந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று அதில் சொல்லப்படவில்லை. 2016இல்தான் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து வெளியிட்டார்கள். நம் நாட்டில் அவ்வளவு சிரமம்கூடப் பட வேண்டியிருக்கவில்லை. குளுக்கோஸ் பிஸ்கட் என்று பெயர் வைத்தால் போதும், காய்ச்சல்காரனுக்குக்கூட வாங்கிக்கொண்டு போவோம். 'ஹெல்த் டிரிங்க்' என்று பாட்டில் பாட்டிலாக வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தோம். அப்படி ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை, அந்தத் தலைப்பிலிருந்து எடுங்கள் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்னது 2024 ஏப்ரலில்தான்.

அதே 2024 பிப்ரவரியில் நம் ஊரில் நடந்தது நினைவிருக்கும். கடற்கரையில் விற்ற பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரிந்து, துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் விற்பனையைத் தடை செய்தார். சில நாளில் தமிழ்நாடும் தடை செய்தது. நல்ல காரியம், நானும் பாராட்டினேன். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டது முழுக்கச் சாயத்தைப் பற்றித்தான். "கலர் போடாம வெள்ளையா வித்தா ஒண்ணும் இல்ல சார்" என்றார் கூட நடந்தவர். சாயத்தை எடுத்துவிட்டால் பஞ்சு மிட்டாயில் மீதி என்ன? காற்றும் சர்க்கரையும். காற்று கெடுதல் இல்லை. அதே ஆண்டு தீபாவளிக்கு, மூடிக் கிடந்த ரேஷன் கடைகளைத் திறந்து அரசு கொடுத்தது 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும். நாலில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் ஊரில் அந்த இரண்டு கிலோ துவரம்பருப்பாக இருந்திருக்கக்கூடாதா? இதைக் கேட்க ஒரு கட்சியும் இல்லை.

"அப்ப கரும்பு விவசாயி என்ன ஆவான்?" என்பார்கள். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடிக் கிடந்ததே, அது நாம் காபியில் சர்க்கரையைக் குறைத்ததாலா? விவசாயி பிழைக்க எத்தனால் இருக்கிறது, மாற்றுப் பயிர் இருக்கிறது, நியாயமான விலை என்று ஒன்று இருக்கிறது. என் அண்ணன் காலை அதற்கு விலையாகக் கேட்க வேண்டாம்.

ஆமாம், என் அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். நீரிழிவு என்று தெரிந்த பிறகும் காபிக்குச் சர்க்கரையை விடவில்லை. "மாத்திரை போடறேன்ல? உடம்புக்குக் கொஞ்சம் சர்க்கரை போகணும்டா, இல்லன்னா தளர்ந்துடும்" என்பார். அண்ணியும் அதை நம்பினார்கள். முகம் வாடியிருந்தால் உடனே சர்க்கரை போட்டு ஒரு ஹார்லிக்ஸ். முதலில் கால் மரத்துப்போனது. செருப்பு கடித்த புண் தெரியவில்லை. முதலில் ஒரு விரல் போனது. மூன்று மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகும் ஆறு வருடம் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போவேன். அவர் ஆசைக்காகச் சாப்பிட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. ஆசையை மனுஷன் அடக்கிக்கொள்ள முடியும். அவர் மருந்து என்று நினைத்துச் சாப்பிட்டார். "தேவை" என்ற அந்த ஒரு சொல் செய்த வேலை அது.

சர்க்கரை மருந்தாகிற இடம் இரண்டு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது தயங்காமல் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். இப்படிப்பட்டவர்கள் நடக்கப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றவும் வேண்டாம், மாத்திரை அளவையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு, வயிற்றுப்போக்கு. 1971 வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலராவில் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். குடலில் உப்பை உள்ளே இழுக்கக் குளுக்கோஸ் கைகொடுக்கிறது, உப்போடு தண்ணீரும் உள்ளே போகிறது. இன்று உலகம் முழுக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அது மருந்து. பாரசிட்டமாலும் மருந்துதான். அதற்காக அதைத் தினம் நாலு வேளை காபியில் கலந்து குடிப்போமா?

சர்க்கரை குறைந்தால் ஒரு ஜனத்தொகைக்கு என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. ரேஷன் காலத்தில் கருவாகிப் பிறந்து தவழ்ந்தவர்களையும், முடிந்த பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் சயன்ஸ் இதழில் வந்தது. முதல் ஆயிரம் நாள் சர்க்கரை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் குறைவு, இரத்தக்கொதிப்பு 20 சதவீதம் குறைவு. குழந்தைக்குச் சர்க்கரை தேவை என்று பாலில் கரைத்துக் கொடுக்கும் பாட்டிமார்களும் தாத்தாமார்களும் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நமக்குக் கெட்டது கெட்டுப்போகட்டும். பேரப்பிள்ளைகளின் நாக்கை நாம் பழக்கக்கூடாது.

2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சுகர் போர்டு' வைக்கச் சொல்லியிருக்கிறது. எந்தப் பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. உங்கள் பேரன் பேத்தி படிக்கும் பள்ளியில் அந்தப் போர்டு இருக்கிறதா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

டீக்கடையில் "சர்க்கரை தனியா குடுப்பா" என்று சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் கடைக்காரரே மாற்றிக்கொள்வார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சர்க்கரை போட்ட காபியைக் கையில் திணிக்காமல், கேட்டுவிட்டுப் போடுங்கள். கல்யாணத்தில் இலையின் ஓரத்தில் ஒரு இனிப்பு போதும், மூன்று வேண்டாம். சர்க்கரையை ஒரே நாளில் விட முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும். நான் இப்படித்தான் விட்டேன். இப்போது சர்க்கரை போட்ட காபியைத் தெரியாமல் குடித்தால் பாயசம் குடித்தது போல இருக்கிறது.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி நான் சாப்பிடுவேன், நீங்களும் சாப்பிடுங்கள். அது பண்டிகை. அதை உடம்புக்குத் தேவை என்று சொல்லாமல் சாப்பிடுங்கள், போதும்.